ஹைப்ரிட் காரில் கூலன்ட் குறைந்துகொண்டே போனால்: கசிவைத் தேடும் முறை

தரையில் சொட்டு இல்லை, அடியில் கறை இல்லை. ஆனால் மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 'லோ' கோட்டுக்கு இறங்கியிருக்கிறது. ஊற்றி நிரப்பினால் அடுத்த மாதமும் அதே கதை. வேலூரில் இதற்குச் சட்டென்று கிடைக்கும் பதில், "நம்ம ஊரு வெயிலுக்கு ஆவியாயிருக்கும் சார், ஊத்திட்டு ஓட்டுங்க" என்பது. அந்தப் பதிலை நம்பாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் வெளியே 42 டிகிரி அடித்தாலும், மார்கழி விடியலில் 20 டிகிரி இருந்தாலும், ஓடிச் சூடேறிய இன்ஜினுக்குள் கூலன்ட் ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரிக்குள்தான் இருக்கும். சுற்று மூடியது, அழுத்தத்தில் இருப்பது. வெளிவெயில் அதை ஆவியாக்க வழியில்லை. கூலன்ட் டப்பாவின் காற்றுத் துளை வழியாக வருடத்துக்கு மிகக் கொஞ்சம் போகலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

சாதாரண பெட்ரோல் காரில் இதைச் சில மாதம் தள்ளிப்போட்டவர்கள் தப்பித்ததுண்டு. ஹைப்ரிட்டில் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் ஸ்டார்ட் ஆகும் விதம். பழைய ஸ்டார்ட்டர் மோட்டார் இன்ஜினை நிமிடத்துக்கு 200, 250 சுற்றுதான் சுற்றும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது திணறி நின்றுவிடும். ஹைப்ரிட்டில் பெரிய மோட்டார் ஒன்று கண்ணிமைக்கும் நேரத்தில் இன்ஜினை 1000 சுற்றுக்குக் கொண்டுபோகிறது. உள்ளே கூலன்ட் தேங்கியிருந்தாலும் அது நிற்காது. திரவத்தை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராடு வளையும். கேஸ்கெட் (இன்ஜின் பகுதிகளுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) செலவில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே மாற்றும் வேலையாகிவிடும். இன்னொன்று, பல ஹைப்ரிட்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது. எல்லை தாண்டிய பிறகு எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான்.

கை வைக்கும் முன்

'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இன்ஜின் சத்தமில்லாமல் இருந்தாலும் கார் உயிரோடுதான் இருக்கிறது. பேட்டரி சார்ஜ் குறைந்ததும் எந்த நொடியிலும் இன்ஜின் தானாகக் கிளம்பும், ஃபேனும் சுழலும். பானெட்டுக்குள் கை விடுமுன் பவரை அணைத்து, ஸ்மார்ட் கீயைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் கொண்டுபோய் வையுங்கள். ஆரஞ்சு நிற வயர்கள் உயர் மின்னழுத்தம். அவற்றையும் அவை சேரும் இன்வெர்ட்டர் பெட்டியையும் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றித் தருவது) திறக்கும் எந்த வேலையும் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வடிய 10 நிமிடம் காத்திருப்பது டொயோட்டா சொல்லும் விதி. கீழே சொல்லும் சோதனைகளில் எதற்கும் ஆரஞ்சு வயரைத் தொட வேண்டியதில்லை.

சூடான மூடியைத் திறக்கவே கூடாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில்தான் திறக்க வேண்டும்.

எந்த டப்பா குறைகிறது?

பலரும் தவறவிடும் கேள்வி இது. டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், கேம்ரி, மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட், இன்விக்டோ போன்றவற்றில் கூலன்ட் சுற்று இரண்டு. ஒன்று இன்ஜினுக்கு, மற்றொன்று இன்வெர்ட்டருக்கும் மோட்டார் பகுதிக்கும். டப்பாக்களும் இரண்டு, பம்புகளும் இரண்டு. திரவம் ஒரே நிறமாக இருக்கலாம், ஆனால் ஒன்று மற்றொன்றில் கலப்பதில்லை. "கூலன்ட் குறையுது" என்று ஒர்க்ஷாப்பில் பொதுவாகச் சொன்னால், அவர்கள் முன்னால் தெரியும் டப்பாவை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். எந்த டப்பா என்பதை உங்கள் கார் கையேட்டின் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாருதியின் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' பட்டை ஒட்டிய வண்டிகள் இந்தக் கணக்கில் வராது. அவை பெல்ட் மோட்டார் உதவியுடன் ஓடும் மைல்டு ஹைப்ரிட். இன்வெர்ட்டர் கூலன்ட் சுற்று அவற்றில் இல்லை. இன்ஜின் பகுதிக்குச் சொல்வதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் அளந்து எழுதுங்கள்

இந்த இரண்டு வாரத்தைச் சோம்பலால் விடுகிறவர்கள்தான் பிறகு தேவையில்லாமல் ரேடியேட்டர் மாற்றுகிறார்கள். அளவு இல்லாமல் கசிவைத் தேடினால் மெக்கானிக்கின் ஊகம்தான் மிஞ்சும்.

சமதளத்தில், தினமும் ஒரே இடத்தில், ஒரே திசையில் வண்டியை நிறுத்துங்கள். சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் வீட்டு வாசல் சரிவுகள் அதிகம். முன்சக்கரம் சரிவில் ஏறி நின்றாலே டப்பாவில் மட்டம் ஒரு விரற்கடை மாறிக் காட்டும். விடியற்காலை 5 மணி முதல் 6 மணிக்குள், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். கோடையில் மரமில்லா மலை விடும் அனலால் ராத்திரிகூட இங்கே தணிவதில்லை, ஆகவே இரவு 11 மணிக்கு நிறுத்தி 3 மணிக்குப் பார்ப்பது கணக்கில் சேராது. கூலன்ட் 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் சுமார் 4 சதவீதம் விரியும். 5 லிட்டர் சுற்றில் அது ஏறக்குறைய 200 மி.லி. சூடான வண்டியில் பார்த்துவிட்டு "நேற்று நிறைய இருந்தது, இன்று இல்லை" என்று பதறுகிறவர்கள் பார்ப்பது இந்த விரிவைத்தான்.

டப்பாவின் மேல் மெல்லிய மார்க்கரால் கோடு போட்டு, தேதியும் கி.மீ.யும் எழுதுங்கள். நிரப்பும்போது மருந்துக்கடை சிரிஞ்சால் (50 மி.லி. சிரிஞ்ச் கிடைக்கும்) அளந்து ஊற்றுங்கள். கோடு வரை வர எத்தனை மி.லி. ஆனது என்பதுதான் உங்கள் உண்மையான இழப்பு. கூடவே அன்று என்ன ஓட்டம் என்று ஒரு சொல் குறித்துவையுங்கள்: ஊருக்குள்ளா, நெடுஞ்சாலையா, மலை ஏற்றமா.

இரண்டு வாரக் குறிப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். வண்டி நின்றிருந்த நாட்களிலும் குறைகிறது என்றால் அது பெரும்பாலும் வெளிக்கசிவு. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் 120 கி.மீ. ஓடிய நாளில் மட்டும் குறைகிறது என்றால், அழுத்தம் ஏறும்போது திறக்கும் வழி: மூடி, ஹோஸ் இணைப்பு, ரேடியேட்டர் மடிப்பு, அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் 'ஹெட்' பகுதிக்கு அடியில் இருப்பது). ஊருக்குள் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்தே ஓட்டியும் இன்வெர்ட்டர் டப்பா குறைகிறது என்றால், இன்ஜினை விட்டுவிட்டு அந்தச் சுற்றை மட்டும் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு. சமீபத்தில் கூலன்ட் மாற்றியிருந்தால், அல்லது முன்பக்கம் இடித்து ரேடியேட்டர் கழற்றி மாட்டியிருந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறும்வரை முதல் சில நூறு கி.மீ.க்கு மட்டம் இறங்கும். ஒருமுறை நிரப்பிய பிறகு நின்றுவிட்டால் கசிவு இல்லை. மூன்றாவது முறையும் இறங்கினால் தேட ஆரம்பியுங்கள்.

வெளிக்கசிவு

முதலில் மூடியைப் பாருங்கள். மூடியின் மேல் 1.1 என்றோ 108 என்றோ ஒரு எண் இருக்கும். முதலாவது பார் கணக்கு, இரண்டாவது கிலோபாஸ்கல். உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் விறைத்து, வெடித்து, தட்டையாகியிருந்தால் அந்த அழுத்தத்துக்கு முன்பே திறந்துவிடும். சாதாரண அழுத்தத்தில், கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி 1.1 பார் பிடித்தால் அது 125 டிகிரியைத் தாண்டும். மூடி தளர்ந்த வண்டி மலை ஏறும்போது உள்ளே கொதித்து, ஆவியைத் துப்பி, இறங்கும்போது ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். மூடியைச் சோதிக்கும் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது. கம்பெனி மூடி விலை அதிகமில்லை, ஐந்தாறு வருடமான வண்டிக்குப் புதிது போட்டுவிடலாம். தெருவோரக் கடையில் கிடைக்கும் 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' மூடி வேண்டாம். எண் பொருந்தாவிட்டால் புதிய மூடியே கசிவுக்குக் காரணமாகும்.

அடுத்து அடி ஷீல்டைக் கழற்ற வேண்டும். இதைச் செய்யாமல் "கீழே ஒண்ணும் சொட்டல" என்று சொல்வதில் பொருளில்லை. இன்றைய கார்களின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு ஒரு டம்ளர் கூலன்ட்டைத் தன் மேலேயே தாங்கி, ஓடும் காற்றில் காயவைத்துவிடும். கழற்றியதும் தகட்டின் உட்பக்கத்தைப் பாருங்கள். ரோஸ், நீலம், பச்சை எதுவானாலும், காய்ந்த கூலன்ட் உப்புப் படிவம்போல் வெளிறிய பொருக்காக நிற்கும். அந்தப் பொருக்குக்கு நேர் மேலே இருக்கும் இணைப்பிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

ரேடியேட்டரின் அலுமினிய மையமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு ஓரம்தான் அதிகம் கசியும் இடம். முன்பக்கம் ஏசி கண்டன்சர் மறைப்பதால் இன்ஜின் பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஜல்லி லாரிக்குப் பின்னால் போகும் வண்டிகளில் கல்லடி பட்ட துளை கீழ்ப்பாதியில் இருக்கும். ஹோஸ்களை வளைத்துப் பார்க்கும்போது பல் தடம் தெரிகிறதா என்றும் கவனியுங்கள். வயல் ஒட்டிய வீடுகளில், குறிப்பாக ஆரணி, ஆற்காடு பக்கம், அறுவடைக்குப் பிறகு எலிகள் வீட்டுப் பக்கம் வந்து இன்ஜின் சூட்டில் தங்கும். அவை கடித்த ஹோஸ் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறும்போது மட்டும் பீச்சும். ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்றி ஸ்க்ரூ கிளிப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அதை அளவுக்கு மீறி முறுக்கினால் உள்ளே பிளாஸ்டிக் மூக்கு விரிசல் விடும். எலெக்ட்ரிக் வாட்டர் பம்பின் சேரும் பகுதியைக் கைவிரலால் தடவுங்கள், பொருக்கு ஒட்டினால் அங்கே ஈரம் போகிறது.

ஏசி தண்ணீரைக் கூலன்ட் என்று நினைத்துப் பதறுவது இங்கே கோடையில் தினமும் நடப்பது. வெள்ளை டிஷ்யூ பேப்பரில் தொட்டுக் காயவிடுங்கள். ஏசி தண்ணீர் தடம் விடாமல் காயும். கூலன்ட் காய்ந்த இடம் பிசுபிசுத்து, நிறத்தோடு நிற்கும். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம்.

ஹீட்டர் கோரை (காருக்குள் சூடான காற்றைத் தரும் சின்ன ரேடியேட்டர்) நாம் பார்க்கவே மறந்துவிடுவோம், நம் ஊரில் ஹீட்டர் போடுகிறவர் யார்? ஆனால் பல கார்களில் கூலன்ட் ஹீட்டர் கோர் வழியாக எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது, போட்டாலும் போடாவிட்டாலும். முன் இடது பயணி காலடியில் மேட்டைத் தூக்கி, கார்ப்பெட்டுக்குள் டிஷ்யூவை அழுத்துங்கள். கண்ணாடியின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம், ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்பினால் வெல்லப்பாகுபோல் இனிப்பு வாடை: இவை இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணுக்கு ஒன்றும் அகப்படாவிட்டால் அழுத்தச் சோதனை. மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பு மாட்டி, குளிர்ந்த இன்ஜினில், மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றுங்கள். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல இணைப்பையும் பிளந்துவிடும். 20 நிமிடத்தில் முள் இறங்கினால் வெளியே ஈரம் தெரிகிறதா பாருங்கள். மெல்லிய கசிவுக்கு 20 நிமிடம் போதாது, ராத்திரி முழுக்க விட வேண்டும். ஆனால் முள் அசைந்ததும் கசிவு என்று முடிவெடுக்காதீர்கள். மாலை 36 டிகிரியில் 1 பார் ஏற்றி, காலை 28 டிகிரியில் பார்த்தால், காற்று சுருங்குவதாலேயே சுமார் 0.05 பார் குறையும். 0.2, 0.3 பார் இறங்கியிருந்தால்தான் அது கசிவு. இறங்கியிருந்து வெளியே எங்குமே ஈரம் இல்லை என்றால், கூலன்ட் இன்ஜினுக்குள் போகிறது. அடுத்த காலை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள்.

வெளிக்கசிவுதான், ஆனால் இடம் புலப்படவில்லை என்றால் கூலன்ட்டுக்கான புற ஊதாச் சாயத்தைக் கலந்து 200, 300 கி.மீ. ஓட்டி, இருட்டில் புற ஊதா டார்ச் அடிக்கலாம். ஏசிக்கான சாயமும் எண்ணெய்ச் சாயமும் வேறு, கடையில் கேட்டு வாங்குங்கள்.

காலை உதறல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ராத்திரி நின்ற வண்டி, காலையில் இன்ஜின் முதல்முறை கிளம்பும்போது ஐந்து பத்து விநாடி கடகடவென்று உதறி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறதா? கூடவே இன்ஜின் டப்பாவும் குறைகிறதா? இரண்டும் சேர்ந்திருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை, ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நடப்பது இதுதான். வண்டியை நிறுத்தும்போது கூலன்ட் சுற்று சூடாகவும் அழுத்தத்தோடும் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தம் இல்லை. கேஸ்கெட்டில் மயிரிழை வழி இருந்தால் ராத்திரி முழுக்க அது சிலிண்டருக்குள் கசிந்து பிஸ்டன் மேல் தேங்கும். காலையில் அந்த சிலிண்டர் பற்றாமல் தவறுகிறது, அதுதான் உதறல். தேங்கியது ஆவியாகிப் போனதும் சரியாகிவிடும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒரு கோளாறுக் குறியீடு ('கோடு') பதிவாகியிருக்கும். கடைசி எண்தான் சிலிண்டர் எண். எப்போதும் அதே சிலிண்டர் வந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இன்ஜின் விளக்கு எரியாவிட்டாலும் இன்னும் உறுதியாகாமல் நிற்கும் 'பென்டிங்' கோடுகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஹைப்ரிட்டில் இந்த உதறலை ஏமாற்றுகிற ஒன்று உண்டு. வண்டியை வெளியே எடுக்கும்போது பேட்டரியிலேயே நகர்ந்து, தெருமுனை தாண்டித்தான் இன்ஜின் கிளம்பும். பாட்டுச் சத்தத்தில் உதறல் தெரியாது, ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொள்வோம். ஆகவே சோதனை நாளில் வண்டியை அசைக்காமல், எல்லாச் சத்தத்தையும் நிறுத்தி, முதல் கிளம்பலைக் கேளுங்கள். செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். ஒர்க்ஷாப் போய்ச் சேரும்போது இன்ஜின் சூடாகியிருக்கும், உதறல் வராது, அந்த வீடியோதான் சாட்சி.

உறுதிப்படுத்த நல்ல சோதனைக் களம் ஏலகிரி. பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது இன்ஜின் நீண்ட நேரம் முழுச் சுமையில் இருக்கும், அழுத்தம் உச்சிக்குப் போகும். முந்தைய நாள் மட்டம் குறித்து, ஏறி இறங்கி, மறுநாள் காலை மட்டத்தையும் முதல் கிளம்பலையும் பாருங்கள். உதறல் ஏற்கெனவே உறுதியான வண்டியை இந்தச் சோதனைக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒருமுறை சூடேறினாலே ஹெட் கோணிவிடும்.

கேஸ்கெட் கசிவைக் காட்டும் வேதிச் சோதனை ஒன்று உண்டு. நீலத் திரவம் ஊற்றிய கண்ணாடிக் குழாயைக் கூலன்ட் வாயில் வைத்து, பல்பை அழுத்தி அதன் காற்றை இழுப்பார்கள். சிலிண்டரில் எரிந்த புகையின் கரியமில வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட் குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை கெட்டுவிடும், முதலில் மட்டத்தைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இன்ஜின் சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறந்த பிறகு, இரண்டு மூன்று நிமிடம் விடாமல் இழுக்க வேண்டும். சிக்கல் எங்கே வரும் என்றால், ஹைப்ரிட் இன்ஜின் நடுவில் அணைந்துவிடும். பல டொயோட்டா ஹைப்ரிட்களில் அதற்குப் பராமரிப்பு முறை இருக்கிறது:

1. பிரேக் மிதிக்காமல் பவர் பொத்தானை அழுத்தி 'ஆன்' நிலைக்கு வாருங்கள்.
2. 'பி'யில் (பார்க்) இருக்கும்போது ஆக்சிலரேட்டரை இருமுறை முழுவதும் அழுத்துங்கள்.
3. பிரேக் மிதித்து 'என்'னுக்கு (நியூட்ரல்) மாற்றி, இருமுறை.
4. மறுபடி 'பி'க்கு வந்து, இருமுறை.
5. பிரேக் மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் அணையாமல் ஓடும்.

2 முதல் 4 வரை 60 விநாடிக்குள் முடிய வேண்டும். திறந்த வெளியில் செய்யுங்கள். இந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது, பவரை அணைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

திரவம் மஞ்சளானால் முடிவு தெளிவு. நீலமாகவே இருந்தால் கேஸ்கெட் நல்லது என்று அர்த்தமில்லை. ஆரம்பக் கசிவில் கூலன்ட் உள்ளே போகும், எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வராது. அப்போது நம்ப வேண்டியது கேமரா. ராத்திரி அழுத்தத்தில் விட்ட வண்டியில் காலை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, செல்போனில் மாட்டும் மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை ஒவ்வொரு துளையிலும் இறக்குங்கள். மற்ற பிஸ்டன்கள் கரி படிந்து கறுத்திருக்க, ஒன்று மட்டும் நீராவியில் கழுவினதுபோல் பளபளத்தால் அதுதான் குற்றவாளி. மேலே ஈரம் மின்னினால் ஐயமே இல்லை.

ஆயில் மூடியின் அடியில் மோர்போல் வெண்மை படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள். ஹைப்ரிட் இன்ஜின் அடிக்கடி அணைவதால், பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் ஆயில் முழுச்சூடு ஏறுவதே இல்லை, ஈரம் அங்கே படிந்து நிற்கும். டிப்ஸ்டிக்கில் வெண்மை இல்லையென்றால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

கேஸ்கெட் போகக் காரணத்தையும் கேளுங்கள். மூன்றாம் தலைமுறை பிரியஸ் இன்ஜினில் பரவலாக அறியப்பட்ட கோளாறு, ஈஜிஆர் கூலர் (புகையில் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பகுதி) கரியால் அடைத்துக்கொள்வது. புகை திரும்பி வரும் பாதை அடைபட்டால் எரிதல் சூடு கூடும், சில சிலிண்டர்களுக்கு மட்டும் புகை போய்ச் சேராமல் சூடு ஏறுமாறாகும். ஈஜிஆர் கூலருக்குள்ளும் கூலன்ட் ஓடுகிறது. அதன் உட்சுவர் ஓட்டையானாலும் கூலன்ட் இன்டேக் வழியாக இன்ஜினுக்குள் போய் இதே காலை உதறலைத் தரும். ஹெட்டைக் கழற்றும் முன் அந்தக் கூலரைக் கழற்றி, தனியே அழுத்தம் ஏற்றி, தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா பார்ப்பது கால்நாள் வேலை. ஹெட் வேலையோ பெரிய வேலை. வரிசை மாறக் கூடாது.

ஹெட் கழற்றியே ஆக வேண்டும் என்றால், லேத்தில் கொடுக்கும் முன் நேர்விளிம்புத் தகடும் ஃபீலர் கேஜும் வைத்து ஹெட், பிளாக் இரண்டின் சமதளத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எல்லை பல இன்ஜின்களில் 0.05 மி.மீ. அளவுதான். ஹெட்டை மட்டும் ஃபேஸிங் செய்து (சீவிச் சமப்படுத்தி), பிளாக்கைப் பார்க்காமல் மூடினால் ஆறு மாதத்தில் கேஸ்கெட் மறுபடி போகும். ஹெட் போல்ட்டுகள் நீண்டு இறுகும் வகை, கையேடு சொல்லும் நீளத்தைத் தாண்டியிருந்தால் புதிது போட வேண்டும். ஈஜிஆர் கூலர், வால்வு, இன்டேக் மேனிஃபோல்டின் சிறு துளைகள் எல்லாவற்றையும் அதே வேலையில் சுத்தம் செய்யாமல் விட்டால் காரணம் அப்படியே தங்கிவிடும்.

இன்வெர்ட்டர் டப்பா குறைந்தால்

இந்தச் சுற்றில் அழுத்தமும் சூடும் குறைவு, ஆகவே கசிவும் பெரும்பாலும் வெளியே, ஹோஸ் இணைப்பிலோ பம்பிலோ ரேடியேட்டரிலோதான் இருக்கும். பல மாடல்களில் இதன் ரேடியேட்டர் இன்ஜின் ரேடியேட்டரோடு ஒட்டியே இருப்பதால் கல்லடி இரண்டையும் பாதிக்கும். பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க பவரை 'ஆன்' செய்து டப்பாவுக்குள் டார்ச் அடியுங்கள். பல டொயோட்டாக்களில் மேற்பரப்பு சலசலப்பது கண்ணால் தெரியும். அசைவே இல்லை என்றால் பம்ப் நின்றிருக்கலாம், அல்லது காற்று அடைத்திருக்கலாம். பி0ஏ93 கோடு இன்வெர்ட்டர் குளிர்விப்பு வேலை செய்யவில்லை என்பதைச் சொல்கிறது.

வெளியே எங்கும் இல்லையென்றால் பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. சில மாடல்களில் இந்தக் கூலன்ட் டிரான்ஸ்ஆக்சில் (கியரும் மோட்டாரும் சேர்ந்த பெட்டி) உறை வழியாகப் போகிறது, கியர் ஆயில் பால்போல் வெளுத்திருக்கிறதா பாருங்கள். மற்றொன்று இன்வெர்ட்டருக்குள்ளேயே கசிவது. பி0ஏஏ6 என்ற மின்கசிவுக் கோடும் சேர்ந்து வந்தால் வண்டியை அணைத்து, லாரியில் ஏற்றி அனுப்புங்கள். ஓட்டிப் போக வேண்டாம்.

எதை ஊற்றுவது

பாலாற்றுப் படுகையின் போர்த் தண்ணீர் கெட்டியான உப்பு நீர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவும் நிலத்தடியில் சேர்ந்திருக்கிறது. அந்தத் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு படிந்து குறுகிய வழிகள் அடையும், குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கேன் தண்ணீரும் சரியில்லை. வழியில் மாட்டிக்கொண்டால் பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு தண்ணீர் மட்டும், அதுவும் வீடு சேர மட்டும். மற்றபடி கையேடு சொல்லும் வகை, முன்பே கலந்த கூலன்ட். நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ரோஸ் நிறத்தில் பல வேதிக் கலவைகள் விற்கின்றன.

பழைய வண்டி வாங்கியவர்கள் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்த்தியைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். பாதிக்குப் பாதி கலவை உறைநிலை மைனஸ் 37 என்று காட்டும். மைனஸ் 18 காட்டினால் கிளைக்கால் மூன்றில் ஒரு பங்குதான், முந்தைய உரிமையாளர் கசிவை மறைக்கத் தண்ணீர் ஊற்றியே ஓட்டியிருக்கலாம்.

கசிவை அடைக்கும் பொடியும் திரவமும் எந்தச் சுற்றிலும் வேண்டாம். ஈஜிஆர் கூலர், ஹீட்டர் கோர், எலெக்ட்ரிக் பம்ப் ஆகியவற்றின் நுண்ணிய வழிகளில்தான் அவை முதலில் அடைக்கும்.

சரிசெய்த பிறகு

காற்றை ஒழுங்காக வெளியேற்றாவிட்டால் செய்த வேலை முழுவதும் சந்தேகத்துக்கு இடமாகும். வெற்றிடத்தில் நிரப்பும் கருவி இருக்கும் ஒர்க்ஷாப் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் இன்ஜின் சுற்றுக்கு பராமரிப்பு முறையில் ஓடவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வென்ட்டில் அனல் சீராக வரும்வரை ஹோஸ்களைப் பிசைந்துவிடுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் களக் களக் என்று சத்தம் கேட்டால் இன்னும் காற்று இருக்கிறது. எலெக்ட்ரிக் பம்ப் உள்ள பல டொயோட்டாக்களில் பி148எஃப் கோடு வந்தால், பம்ப் காற்றில் வீணாகச் சுழல்கிறது என்று பொருள். இன்வெர்ட்டர் சுற்றுக்கு இன்ஜின் வேண்டாம். பவரை 'ஆன்' செய்து பம்பை ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் போதும்.

பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ வாசலிலோ கொட்டாதீர்கள். இனிப்பு வாடைக்குத் தெருநாய் நக்கினால் சிறுநீரகம் செத்துப்போகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பெயர் எழுதி, ஒர்க்ஷாப்பில் கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியே கொடுங்கள்.

டப்பாவில் புதிதாக ஒரு கோடு போட்டு, 100, 500, 1000 கி.மீ.யில் அதே காலை நேரத்தில், அதே இடத்தில் பாருங்கள். முதல் 100-இல் கொஞ்சம் இறங்கும், நிரப்புங்கள். 500-க்கும் 1000-க்கும் நடுவில் கோடு அசையாமல் நின்றால் வேலை முடிந்தது. அசைந்தால், அழுத்தச் சோதனையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.